ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொய்

போன மாதம் ஒரு காதுகுத்துக்காக வெண்ணந்தூர் போயிருந்தேன். விருந்து முடிந்து, வெற்றிலை போட்டு, பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தைக் கேட்டபடி திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம்.

"மாமா, இதப் பாருங்க. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். ஜூன்ல ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து. பத்து நாள். ஏர்போர்ட்லயே காரை வாடகைக்கு எடுத்துட்டு, அம்மா, அப்பா, குழந்தைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு நானே ஓட்டப்போறேன்."

"டெஸ்ட் வெச்சாங்களா மாப்ளே?"

"எதுக்கு மாமா டெஸ்ட்? அதான் லைசென்ஸ் இருக்கே. அப்ளிகேஷன் போட்டேன், ஆயிரம் ரூபா கட்டினேன், வந்துருச்சு."

"அதான் லைசென்ஸ் இருக்கே" என்றானே, அந்த லைசென்ஸ் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நானே கூடப் போயிருந்தேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லமாட்டேன். உங்கள் ஊரிலும் இதே கதைதான் என்பதால் பெயர் தேவையும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் கார். அதில் பயிற்சியாளர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வண்டியை ஓட்டியது பக்கத்து சீட்டுக்காரரின் கால். கொஞ்ச தூரம் முன்னால், கொஞ்சம் ரிவர்ஸ். இறங்கி வந்து டீ குடித்தோம். டீ ஆறுவதற்குள் "பாஸ்" என்றார்கள்.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டிப் பாருங்கள். ஓட்டுநர் தேர்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். முந்துவது, முந்தவிடுவது, வலது இடது முனைகளில் சரியாகத் திரும்புவது, சைகை காட்டுவது, அவசரத்தில் நிறுத்துவது... படித்தால் கண்ணில் நீர் வரும், அவ்வளவு அழகான பட்டியல். இப்போது சில ஊர்களில் கேமரா வைத்த சோதனைத் தடங்கள் வந்திருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் இன்று நம் பர்ஸில் இருக்கும் பெரும்பாலான லைசென்ஸ்கள் கேமராவைப் பார்த்துப் பிறந்தவை அல்ல.

சரி, நம் ஊரில் நாம் எப்படியோ ஓட்டிக்கொள்கிறோம் என்பீர்கள். 'எப்படியோ'வுக்குக் கணக்கு இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. நாளுக்குச் சுமார் 462 பேர். அதை இன்னொரு வாரம் பேசுவோம். இந்த வாரம் நான் சண்டைக்கு வந்திருப்பது அந்தச் சின்னப் புத்தகத்தோடு.

அது என்ன என்று பலருக்குத் தெரியவில்லை. ஏதோ உலக லைசென்ஸ் என்று நினைக்கிறார்கள். உங்கள் உள்ளூர் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். 1949 செப்டம்பரில் ஜெனீவாவில் பல நாடுகள் கூடிச் சாலைப் போக்குவரத்து பற்றி ஓர் உடன்படிக்கை போட்டன. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. "உன் நாட்டு ஓட்டுநரை என் சாலையில் விடுகிறேன், என் நாட்டு ஓட்டுநரை உன் சாலையில் விடு" என்பது ஒப்பந்தம். அதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஓட்டுநர் தன் திறமையை நிரூபித்த பிறகு அவர் நாட்டு அதிகாரி லைசென்ஸ் கொடுத்திருக்க வேண்டும். மொத்த ஏற்பாடும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. வெளிநாட்டுப் போலீஸ்காரர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும்போது, இந்திய அரசாங்கம் "இவரைச் சோதித்துவிட்டோம், நம்பலாம்" என்று கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறார்.

நம் அக்கா மகன் விஷயத்தில் அது பொய். கட்டணம் ஆயிரம் ரூபாய்.

பொய்யை அச்சடிப்பதில் நாம் மேலும் மேலும் முன்னேறி வருகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஜனவரியில், விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றிதழ் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். விசாவும் வேண்டாம் என்றார்கள். போய் இறங்கிய பிறகு விசா தரும் நாடுகள் இருப்பதால் அது நியாயம்தான். ஆனால் கண் தெரிகிறதா என்று டாக்டர் சொல்லவேண்டாம் என்பது என்ன நியாயம்? 2022 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே வடிவத்தில் புத்தகம், அதில் க்யூ.ஆர். கோடு. அதை ஸ்கேன் செய்தால் லைசென்ஸ் அசல்தானா என்று தெரிந்துவிடும். லைசென்ஸ் அசல்தான், யார் இல்லை என்றார்கள்? ஓட்டுவது அசலா என்று சொல்லும் கோடுதான் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

துபாயில் நடப்பதைக் கேளுங்கள். நம் ஊர்க்காரர் டூரிஸ்ட் விசாவில் போய் இந்தப் புத்தகத்தைக் காட்டினால் காரை வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு வழிச் சாலையில் பறக்கலாம். அதே ஆள் அங்கே வேலை கிடைத்துக் குடியிருப்பு விசா வாங்கிவிட்டால், இந்தப் புத்தகம் செல்லாது. வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும். ராசிபுரம் பக்கத்தில் ஒருத்தர், இங்கே பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர், அங்கே நாலாவது தடவையில்தான் தேறினார். வண்டியை நகர்த்துவதில் அவரிடம் குறையே இல்லை. கண்ணாடி பார்க்கவில்லை, தோளைத் திருப்பிப் பார்க்காமல் லேன் மாறினார் என்று மூன்று முறை தோற்கடித்தார்கள். விசாவில் முத்திரை மாறினால் அதே கை, அதே கால் திறமை இழந்துவிடுமா? அவர்களுக்கு உண்மை தெரியும். விருந்தாளியிடம் மரியாதைக்குக் கேட்காமல் விடுகிறார்கள். அந்த மரியாதையைத்தான் நாம் சான்றிதழ் என்று நினைத்துக்கொள்கிறோம்.

'வலது பக்கம் ஓட்டணும், அவ்வளவுதானே மாமா, அரை மணி நேரத்துல பழகிடும்' என்றான் அக்கா மகன். ஸ்வீடன் என்ற நாடு 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நாலு வருஷம் தயாரானார்கள். பலகைகளை மாற்றினார்கள், பஸ் கதவுகளை மாற்றினார்கள், பிரச்சாரம் செய்தார்கள், அன்று அதிகாலை தேவையில்லாத வண்டிகளைச் சாலைக்கே வரவிடவில்லை. ஒரு தேசம் நாலு வருஷம் யோசித்த காரியத்தை நம்ம பையன் விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் முடித்துவிடுகிறேன் என்கிறான்.

அவனைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இருக்கிறதா? இல்லை. நானும் இதே புத்தகத்தோடு அமெரிக்காவில் ஓட்டியவன்தான்.

முதல் நாள் பயந்து பயந்து ஓட்டினேன். பயம் நல்ல டிரைவர். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை, ஒரு கிராமத்துப் பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இரண்டு லேன் சாலை. ஒரு ஈ காக்கா இல்லை. பாட்டு கேட்டுக்கொண்டே திரும்பினேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இடது பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. எனக்கு ஒன்றுமே தப்பாகத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. கொஞ்ச தூரம் போனதும் மனைவி, "ஏங்க, எதுத்தாப்ல வர்ற லாரி நம்ம லேன்ல வருதுங்க" என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போதுதான் உறைத்தது. அது நம் லேன் இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்து வலது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. கால் மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை. பின்சீட்டில் என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்றுவரை இதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

அதனால் சொல்கிறேன். பக்கம் மாறி ஓட்டும்போது ஆபத்து நெரிசலில் இல்லை. நெரிசலில் முன்னால் போகிற வண்டி வழிகாட்டும். ஆபத்து காலியான ரோட்டில், பெட்ரோல் பங்க்கிலிருந்தோ பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போது, பழகிவிட்டது என்று நினைக்கும் மூன்றாம் நாளில்.

திண்ணையில் இதையெல்லாம் நான் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் லாரி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், கல்கத்தா என்று போனவர். பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. எழுந்து உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு, ஸ்டியரிங் எடது பக்கம் வருமா?"

"ஆமாங் தாத்தா."

"அப்ப நடுக்கண்ணாடி எங்க இருக்கும்? இங்க எடது பக்கமா மேல பாக்கற. அங்க வலது பக்கம் மேல பாக்கோணும். உங் கண்ணு பழக்கத்துல எடது பக்கம்தான் போகும். அங்க ஒண்ணும் இருக்காது."

பையன் யோசித்தான்.

"வண்டி உனக்கு எந்தப் பக்கம் நீண்டிருக்கும்? இங்க எடது பக்கம். அங்க வலது பக்கம். நீ இங்க மாதிரியே உக்காந்து ஓட்டினா வண்டி வலது ஓரமாவே போகும். நிறுத்தி வெச்ச வண்டி கண்ணாடிய எல்லாம் ஒடச்சுட்டுப் போவ. செரி, மலை இருக்குதா?"

"ஆல்ப்ஸ் தாத்தா. பெரிய மலை."

"எறக்கத்துல என்ன கியர்?"

"ஆட்டோமேட்டிக் வண்டி தாத்தா. கியரே இல்ல."

"அது செரி. எறக்கத்துல என்ன பண்ணுவ?"

பதில் இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, அடிவாரத்தில் கருகிய வாசனையோடு நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டோமேட்டிக்கிலும் கீழ் கியருக்கு மாற்ற வழி இருக்கிறது. வண்டிக்கு வண்டி அது எங்கே இருக்கிறது என்பது மாறும். வாடகை வண்டியை எடுத்த இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதி அது. நாம் கேட்பது, போனை எங்கே செருகுவது என்று.

கவுன்ட்டர் என்றதும் இன்னொன்று. வாடகைக் கம்பெனிக்காரர் பாஸ்போர்ட் கேட்பார், லைசென்ஸ் கேட்பார், கிரெடிட் கார்டு கேட்பார். டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையைக் கார்டில் முடக்குவார். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்கவே மாட்டார். அவர் வியாபாரம் அது. 'முழு இன்ஷூரன்ஸ்' என்பார். முழுசு என்றால் முழுசு இல்லை. விபத்து நடந்தால் முதல் இவ்வளவு தொகை உங்களுடையது என்று ஒரு வரி இருக்கும். பல ஒப்பந்தங்களில் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் எல்லாம் கணக்கில் வராது. நடுவழியில், "மச்சான், கொஞ்ச நேரம் நீ ஓட்டு" என்று ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் இன்ஷூரன்ஸே போச்சு. வேகத்துக்கான அபராதம் நீங்கள் ஊர் திரும்பி, போட்டோ எல்லாம் காட்டி முடித்த பிறகு, கம்பெனியின் சர்வீஸ் சார்ஜோடு வந்து சேரும். வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுங்கள். எந்த எண்ணெய் என்று மூடியைத் திறந்து படியுங்கள். இங்கிலாந்தில் பச்சைக் குழாய் பெட்ரோல்; அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசல்.

ஆனால் இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். உயிரோடு போகிற விஷயம், சாலையின் பாஷை. நம் ஊரில் எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால் "நான் வர்றேன், ஒதுங்கு" என்று அர்த்தம். இங்கிலாந்தில் அதையே "நீங்க முதல்ல போங்க" என்ற மரியாதையாகச் செய்கிறார்கள் (அவர்கள் விதிப்புத்தகம் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஆனாலும் செய்கிறார்கள்). இங்கே முன்னால் போகும் லாரியின் கிளீனர் கையை ஆட்டினால் முந்துகிறோம். ஜெர்மனியின் ஆட்டோபானில் யாரும் கை ஆட்டமாட்டார்கள். இடது லேனில் நீங்கள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தால், கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் மூச்சு விடுவதற்குள் முதுகில் நிற்கும். வலது பக்கமாக முந்துவது அங்கே குற்றம். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும், அவர் வருவது சந்து போலவே இருந்தாலும். "இது என்ன புது ரூல்?" என்றான் பையன். புதுசு இல்லை மாப்ளே. நம் நாட்டின் 1989 சாலை விதிகளிலேயே, சந்திப்பில் வலது பக்கம் வருகிறவருக்கு வழி விடு என்று இருந்தது. நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தேர்வில் யாரும் கேட்கவில்லை. இங்கே பெரிய வண்டிக்கு வழி, அடுத்தபடி தைரியமான வண்டிக்கு வழி.

எனக்கு வரப்போகும் கடிதங்கள் எனக்குத் தெரியும். "ஐயா, நான் அமெரிக்காவில் ஐயாயிரம் மைல் ஓட்டினேன், ஒரு கீறல் இல்லை." சந்தோஷம். நானும்தான் கீறல் இல்லாமல் வந்தேன், அந்த லாரிக்காரர் புண்ணியத்தில்.

"வெள்ளைக்காரனும் இதே புத்தகத்தைத்தானே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான்?" இது நல்ல கேள்வி. போகிறான். ஆனால் இங்கிலாந்தில் 1996 முதல் தனியாக எழுத்துத் தேர்வு. 2002 முதல், சாலையில் ஆபத்து முளைப்பதை வீடியோவில் பார்த்துக் கண்டுபிடிக்கும் தேர்வு. பிறகு சுமார் நாற்பது நிமிஷம் நிஜ டிராஃபிக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தோற்கிறார்கள். அவர்கள் புத்தகத்தில் இருக்கும் வாக்குக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. நம் புத்தகத்துக்குப் பின்னால் இருப்பது அந்தப் பயிற்சியாளரின் கால்.

"அதிகாரிகளுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" ஆயிரம் ரூபாய் வாங்குவதற்கு நேரம் இருக்கிறதல்லவா? அந்த ஆயிரத்துக்கு அரை மணி நேரம் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வெளிநாட்டுச் சாலைப் பலகைகள் இருபது காட்டுங்கள். வலது பக்கம் ஓட்டும் நாட்டில் இடது திருப்பம் எப்படி என்று கேளுங்கள். கண் டாக்டர் சான்றிதழைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தேறாதவனுக்குப் புத்தகம் கிடையாது. உலகச் சுற்றுலா படுத்துவிடாது. ரயிலில் போவான். ஐரோப்பாவில் ரயில் போகாத ஊர் குறைவு. அல்லது இலங்கையில் நம்மவர்கள் பலர் செய்வது போல டிரைவரோடு வண்டி எடுப்பான். அங்கே இந்தப் புத்தகம் மட்டும் போதாது, உள்ளூர் ஒப்புதலும் வேண்டும் என்பது வேறு விஷயம். சீனா இந்தப் புத்தகத்தை ஏற்பதே இல்லை. அதைத் திமிர் என்பார்கள் சிலர். எனக்கு என்னவோ நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரசாங்கம் வைக்காத டெஸ்ட்டைப் பெரியப்பா வைத்தார். பையனின் கார். பெரியப்பா முன்சீட்டில், நான் பின்னால் பேனாவும் நோட்டுமாக. வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம். நிபந்தனை மூன்று. ஹாரன் தொடக்கூடாது. லேன் மாறுமுன் "கண்ணாடி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாலைகள் சேரும் இடத்திலெல்லாம் வேகம் குறைத்து வலது பக்கம் பார்க்க வேண்டும். கிளம்புமுன் பெரியப்பா கீழே இறங்கி நாலு டயரையும் காலால் தட்டிவிட்டு, "இதையும் ஒருத்தன் பாக்கோணும்" என்றார். மூன்று வருஷமாக ஓட்டும் சொந்தக் காரின் டயருக்கு எவ்வளவு காற்று என்று பையனுக்குத் தெரியவில்லை.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் நோட்டில் ஆறு கோடு போட்டேன், ஆறு ஹாரன். ஒரு ஆட்டுக்கு, இரண்டு மொபெட்டுக்கு, மிச்சம் யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. "கை தானாப் போகுது மாமா" என்றான். "கண்ணாடி" என்று மூன்று தடவை சொன்னான். அதில் இரண்டு தடவை லேன் மாறிய பிறகு. நாலுவழிச் சாலையைத் தொட்ட இடத்தில், எதிர்த் திசையில் ஒரு குடும்பமே ஒரு பைக்கில் சாவகாசமாக வந்தது. ஹாரன். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது மொத்தம் முப்பத்தெட்டு.

நோட்டை வாங்கிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "தாத்தா, மூணாம் நாள் வரைக்கும் ரயில்ல போயிட்டு, அப்புறம் ஆஸ்திரியால ஒரு சின்ன ஊர்ல வண்டி எடுக்கறேன். ராத்திரி பிளைட்ல தூங்காம எறங்கி உடனே ஓட்டல" என்றான்.

பெரியப்பா டீயை ஆற்றிக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"வண்டியத் திருப்பு கண்ணு. இன்னொருக்கா போலாம்."